கத்தக் கூடாத லீக்

எங்க ஸ்கூல்ல மதியச் சாப்பாட்டு நேரம் நாப்பத்தஞ்சு நிமிஷம். அதுல பத்து நிமிஷம் சாப்பாடு. அஞ்சு நிமிஷம் கை கழுவ, ஷூ மாட்ட, "என் பனியனை எவன்டா எடுத்தான்"னு சண்டை போட. மிச்சம் இருக்கிற அரை மணி நேரத்துல ஒரு முழு பாஸ்கெட்பால் மேட்ச் நடத்தணும், ஸ்கோரைக் கரும்பலகையில எழுதணும், ஆடினவன் பார்த்தவன் எல்லாரையும் அடுத்த பீரியடுக்குக் கிளாஸ்ல கொண்டுபோய் உட்கார வைக்கணும். உங்களால முடியுமா? சத்தியமா என்னால முடியாது. அந்த மனுஷன் ஆறு வருஷம் நடத்தினார்.

அவரை எல்லாரும் விசில் சார்னுதான் கூப்பிடுவாங்க. பி.டி. வாத்தியார். நான் அதே ஸ்கூல்ல ஆபீஸ் அட்டெண்டர். மணி அடிக்கிறதும் என் வேலைங்கிறதால மணியக்கா. பெத்தவங்க வச்ச பேரு வருகைப் பதிவேட்டுல மட்டும்தான் இருக்கு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு ஸ்கூலே சொல்லும். சொல்லிட்டுப் போகட்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

லீக் ஏன் வந்துச்சுன்னு முதல்ல சொல்லிடுறேன். பேருக்கு ஒவ்வொரு கிளாஸுக்கும் வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட் உண்டு. கணக்கு சார் வருவார், "போர்ஷன் முடியலை சார், இன்னைக்கு ஒரு நாள் மட்டும்"னு இளிப்பார். விசில் சார் குடுத்துடுவார். மறுநாள் சயின்ஸ் டீச்சர் வருவாங்க. இப்படியே கறையான் அரிச்ச மாதிரி எல்லாப் பீரியடும் போச்சு. கிரவுண்ட்ல காக்காதான் விளையாடிச்சு. ஒரு மீட்டிங்ல பெரிய மேடம், அதான் எங்க ஹெட்மிஸ்ட்ரஸ், "பி.டி.க்குன்னு ஒரு ஆள் நமக்கு எதுக்கு?"ன்னு அவரை வச்சுக்கிட்டே கேட்டுட்டாங்க. அவருக்கு இருக்கிறது வருஷா வருஷம் புதுசா எழுதித் தர்ற வேலை. மேடம் பேனாவை மூடினா முடிஞ்சது. மறு வாரமே, யாரும் கடன் கேக்க முடியாத ஒரே நேரம் சாப்பாட்டு நேரம்தான்னு கண்டுபிடிச்சு, மதிய லீக்கை ஆரம்பிச்சார்.

ஆறாங்கிளாஸ்லேர்ந்து ஒன்பதாங்கிளாஸ் வரைக்கும் யார் வேணா பேரு குடுக்கலாம். டீமுக்கு எட்டுப் பேர், பெரியவன் சின்னவன் பொண்ணு பையன் எல்லாம் கலந்து, சீட்டு குலுக்கிப் பிரிப்பார். பேரு மட்டும் பிள்ளைங்களே வச்சுக்கும். மின்னல்னு ஒண்ணு, கடைசி பெஞ்ச்னு ஒண்ணு, "அம்மா திட்டுவாங்க"ன்னுகூட ஒரு டீம் இருந்துச்சு. எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு பாதியாவது ஆடியே ஆகணும், ஒருத்தனை உட்கார வச்சுட்டு ஜெயிச்சாலும் அது தோல்விதான். பந்தைக் கண்டாலே கண்ணை மூடிக்கிற பிள்ளைகூட அங்கே ஓடும். ஸ்கூல் டீம்ல எடுக்காத பிள்ளைங்களுக்கெல்லாம் அது திருவிழா. வாசல்ல நின்னு பார்க்கிற எனக்கே வயசு குறையும்.

நாலாவது வருஷம் ஒரு நாள் ஒரு சர்க்குலர்ல கையெழுத்து வாங்கப் போனேன். கோர்ட் ஓரமா முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்து பந்துக்குக் காத்தடிச்சுக்கிட்டு இருந்தார். "சார்"னேன். திரும்பலை. "விசில் சார்!" ம்ஹூம். இன்னும் ரெண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளக்குது, எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. அவர் முன்னாடி போய் நின்னு, "செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி நானும் கத்திக்கிட்டே இருக்கேன், என்ன சார் நினைச்சுக்கிட்டு இருக்கீங்க?"ன்னு பொரிஞ்சு தள்ளிட்டேன்.

அவர் என் கண்ணைப் பார்க்கலை, வாயைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போச்சு. "அக்கா, கடைசியில சொன்னது மட்டும் புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னார். நான் கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கும், இவருக்குக் காதே கேக்கலைன்னு அப்பத்தான் உறைச்சுச்சு. அந்தப் பழமொழியை நான் அப்புறம் யார்கிட்டயும் சொன்னதில்லை.

பந்தெல்லாம் போட்டு வைக்கிற ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போய்க் கதவைச் சாத்தினார். ரப்பர் நாத்தமும் தூசியும், உட்கார இடமில்லை. மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா போயிக்கிட்டு இருக்காம். இடது காது சுத்தமா இல்லை, வலது காதுல கனத்த சத்தம் மட்டும் விழுமாம். டாக்டர் பார்த்துட்டு, "இருபது வருஷமா காதுக்குக் கீழேயே விசில் ஊதியிருக்கீங்க, நரம்பு செத்துப்போச்சு, முதல்ல அந்த விசிலை விடுங்க"ன்னாராம். காதுல மாட்டுற மிஷின் ஒண்ணு டப்பாவுல வச்சிருந்தார். மாட்டிக்கிட்டு விசில் ஊதினா மண்டைக்குள்ள ஆணி இறங்குதாம். மாட்டினா ஊருக்கும் தெரிஞ்சுடும்.

"வீட்டுல எப்படி சமாளிக்கிறீங்க?"ன்னேன்.

"அவ கத்தித்தான் பேசுவா. பக்கத்து வீட்டுக்காரங்க நாங்க தினம் சண்டை போடுறோம்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க"ன்னு சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே இருந்தவர் பொசுக்குனு அழுதுட்டார். "அக்கா, லேப் அட்டெண்டரை என்ன பண்ணாங்க, பார்த்தீங்கல்ல? எனக்குப் பந்தையும் பிள்ளைங்களையும் விட்டா வேற ஒண்ணும் தெரியாது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

லேப் அட்டெண்டர் கதை எனக்கா தெரியாது? கண்ணுல புரை விழுந்து ரெண்டு பாட்டிலை மாத்தி எடுத்து வச்சார். ஒரே வாரத்துல, மாலை போட்டு, பேசி, கை தட்டி, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்த மாலையை வாங்கிட்டு வந்தவளே நான்தான்.

சொல்ல மாட்டேன்னேன். அதோட நிக்கலை, நானும் கூட்டுச் சேர்ந்தேன். அப்ப எங்களுக்கு வெங்கல மணி. நான் வராந்தாவுல வந்து நின்னு, முதல்ல என் மஞ்சள் தூசித் துணியை ரெண்டு தடவை உதறுவேன். அவர் ஓரக்கண்ணால பார்த்துட்டுக் கடைசி நிமிஷம்னு விரலைக் காட்டுவார். அப்புறம்தான் மணியைத் தொடுவேன். ஸ்கோர் டையாகி நிக்கிற அன்னைக்கு என் துணியில தூசி கொஞ்சம் அதிகமாவே இருக்கும், உதற உதற ரெண்டு நிமிஷம் போயிடும். எனக்கும் மேட்ச் முடிவு தெரியணும்ல?

அவர் பங்குக்கு ஒரு புது விதி கொண்டுவந்தார். லீக்ல யாரும் கத்தக் கூடாது. ஆள் மாத்தணுமா, அடி பட்டுச்சா, தண்ணி வேணுமா, கையைத் தூக்கு. தூக்கின கையைப் பார்த்ததும் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்துவார். கத்தினா பந்து எதிர் டீமுக்கு. பிள்ளைங்க ஒரு மாசத்துல பழகிட்டாங்க. எண்பது பிள்ளைங்க இருக்கிற இடத்துல பந்து தட்டுற சத்தமும் ஷூ தேய்ற சத்தமும் மட்டும்தான் கேக்கும். பெரிய மேடம் வெளியாளுங்களைக் கூட்டிக்கிட்டு வந்து, "எவ்வளவு ஒழுக்கம் பாருங்க"ன்னு பெருமையாக் காட்டுவாங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சு, அதுக்குப் பாராட்டும் வாங்கின ஆள் உலகத்துல அவர் ஒருத்தராத்தான் இருக்கும். நாங்க ரெண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். இப்ப நினைச்சா எனக்கு வயிறு எரியுது.

இந்த வருஷம் ஆட்டோமேட்டிக் மணி வந்துச்சு. ஆபீஸ் சுவத்துல ஒரு பெட்டி, காரிடார்ல மூணு ஸ்பீக்கர். "கிணிங் கிணிங்"னு பல்லைக் கூச வைக்கிற மெல்லிசான சத்தம். அந்த மாதிரிச் சத்தம்தான் அவர் காதுல சுத்தமா விழாது. வெங்கல மணியோட கனத்த சத்தமாவது வலது காதுல லேசா விழும். எனக்கு மணியடிக்கிற வேலை போச்சு, பேரு மட்டும் மிச்சம். சாப்பாட்டு நேரத்துல உனக்கு வெளியில என்ன வேலைன்னு மேடம் என்னைக் ஜெராக்ஸ் மிஷின்கிட்ட நிறுத்திட்டாங்க.

கைக்கடிகாரத்தைப் பார்த்து நடத்தலாம்னு அவர் சமாளிச்சார். அந்தப் பாழாப்போன பெட்டி ஒரு நாள் ரெண்டு நிமிஷம் முன்னாடி அடிக்கும், ஒரு நாள் பின்னாடி. ஒரே வாரத்துல ரெண்டு தடவை பிள்ளைங்க லேட். மணி அடிச்சதும் பிள்ளைங்க கையைத் தூக்கியிருக்கலாம்தான். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி எந்தப் பிள்ளை கை தூக்கும்? ரெண்டாவது தடவை கணக்கு சார் நேரா மேடம்கிட்ட போய்ப் புகார் குடுத்துட்டார். இத்தனை வருஷம் இவர் பீரியடைத் தின்ன மனுஷன்! மேடம் விசில் சாரைக் கூப்பிட்டு, "மணி அடிச்ச பிறகும் ஆடிக்கிட்டு இருக்கீங்க, என்னைக் கேலி பண்றீங்களா? இன்னும் ஒரே ஒரு புகார் வரட்டும், லீக்கும் இல்லை, அடுத்த வருஷம் நீங்களும் இல்லை"ன்னாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டுல என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "செமி ஃபைனல் வரைக்கும் தாங்கினா போதும் அக்கா. ஃபைனலுக்கு மேடமே வர்றாங்க, அப்ப பார்த்துட்டு கான்ட்ராக்டுல கையெழுத்துப் போட்டுடுவாங்க. செமி ஃபைனல் அன்னைக்கு மட்டும் எப்படியாவது வெளியில வந்து நில்லுங்க. என் முதுகுப் பக்கம் நீங்க பார்த்துக்கங்க."

"வர்றேன் சார், கவலைப்படாதீங்க"ன்னேன். வாக்குக் குடுக்கிறதுக்கென்ன, என் வாய் எப்பவும் ரெடி.

செமி ஃபைனல் அன்னைக்கு சரியா சாப்பாட்டு மணிக்கு, முந்நூறு கேள்வித்தாள் காப்பி எடுக்கச் சொல்லி மேடம் குடுத்தாங்க. தலைவலின்னு பொய் சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷம் வெளியில போயிட்டு வர்றேன்னு கேட்டிருக்கலாம். மேடம் முகத்தைப் பார்த்தேன், "சரிங்க மேடம்"னுட்டேன். மிஷின் நடுவுல பேப்பரை முழுங்கிடுச்சு. நான் அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கும்போது வெளியில மின்னலுக்கும் "அம்மா திட்டுவாங்க"வுக்கும் ரெண்டாவது பாதி நடந்துக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் பிள்ளைங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அம்மா திட்டுவாங்க" டீம்ல ஆறாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு, பொடின்னு கூப்பிடுவாங்க, எலும்பும் தோலுமா இருக்கும். வளையத்துக்குக் கீழே பந்துக்குக் குதிச்சு, பெரிய பையன் மேல மோதி, வலது கையை ஊனிக்கிட்டே விழுந்திருக்கு. பந்து எதிர்ப் பக்கம் போச்சு, எல்லாரும் அது பின்னாடியே ஓட, சாரும் ஓடிட்டார். பொடி எழுந்திரிக்கலை. வலது கை மணிக்கட்டு கோணிக்கிச்சு, அதை இடது கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்திருக்கு. எந்தக் கையைத் தூக்கும்? வேற வழியில்லாம விதியை மீறிக் கத்தியிருக்கு. ஓரத்துல நின்ன பிள்ளைங்க பார்த்துட்டு ஒழுங்காக் கையைத் தூக்கிக்கிட்டு நின்னிருக்குதுங்க, சாரோட முதுகைப் பார்த்துக்கிட்டு! கத்தினா பந்து போயிடுமே, செமி ஃபைனலாச்சே. அந்தப் பக்கம் கூடை விழுந்து, பந்து மறுபடி இந்தப் பக்கம் வந்தப்பதான் அவர் திரும்பிப் பார்த்தார். திரும்பி வந்த கூட்டத்துல ஒருத்தன் அந்தக் கை மேலயே மிதிச்சுட்டான். ஒரு எலும்பு முறிஞ்சிருந்தது ரெண்டாச்சு.

பொடியைத் தூக்கிக்கிட்டு அவர் ஆபீஸ் வாசலுக்கு ஓடி வந்ததை நான் பார்த்தேன். அவருக்குத் தன் குரல் தனக்கே கேக்காதுல்ல, ஸ்கூலே அதிர்ற மாதிரி, "வண்டி! வண்டி!"ன்னு கத்திக்கிட்டு வந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

மறுநாள் காலையில விசாரணை. பொடி கையில கட்டுப் போட்டுக்கிட்டு அம்மாவோட வந்திருந்துச்சு. அம்மாக்காரி துணிக்கடையில நின்னு வேலை பார்க்கிறவ, லீவு போட்டுட்டு வந்திருந்தா. சத்தம் போடலை, அழுகையும் இல்லை, பொண்ணோட தலையைத் தடவிக்கிட்டே உட்கார்ந்திருந்தா. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

உள்ளே போறதுக்கு முன்னாடி அவரைக் காரிடார்ல மடக்கினேன். நேருக்கு நேரா நின்னு, உதட்டைப் பெரிசாப் பெரிசா அசைச்சு, "சார், பார்த்தேன்னு சொல்லிடுங்க. விழுந்ததைப் பார்த்தேன், நேரத்தைக் கடத்த நடிக்குதுன்னு நினைச்சுட்டேன்னு சொல்லுங்க. பிள்ளைங்க தினம் நடிக்கிறதுதானே? திட்டுவாங்க, ஒரு மெமோ குடுப்பாங்க. வேலை நிக்கும்"னேன்.

"மேடமும் நேத்து போன்ல அப்படித்தான் கேட்டாங்களாம், பக்கத்துல இருந்து என் வீட்டுக்காரிதான் கேட்டுச் சொன்னா. நடிக்குதுன்னு நினைச்சீங்களான்னு"ன்னார்.

"அப்புறம் என்ன சார்? மேடமே வழி காட்டுறாங்க. கண்ணை மூடிக்கிட்டு ஆமான்னு சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தலையை ஆட்டினார். ராத்திரி பூரா தூங்காத முகம். சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை மாத்திப் போட்டிருந்தார், நான்தான் சரி பண்ணி உள்ளே அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல மேடம் டீ கேட்டாங்க, ட்ரேயைத் தூக்கிக்கிட்டு நானும் உள்ளே போனேன்.

மேடம் நேரா விஷயத்துக்கு வந்தாங்க. "சார், பிள்ளை விழுந்ததைப் பார்த்தீங்க, நடிக்குதுன்னு நினைச்சீங்க. அப்படித்தானே?"

"ஆமா மேடம்"னார். எனக்கு உயிர் வந்துச்சு.

"கவனக்குறைவு. எழுதிக் குடுங்க. அம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க"ன்னு மேடம் பேப்பரை நகர்த்தினாங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது. அவர் பேனாவை எடுத்தப்ப, பொடி குனிஞ்சுக்கிட்டே என்னமோ முணுமுணுத்துச்சு. அவருக்கு விழலை, ஆனா அந்தப் பிள்ளை வாய் அசைஞ்சது தெரிஞ்சுடுச்சு.

"பாப்பா, என்னைப் பார்த்துச் சொல்லு"ன்னார்.

பொடி நிமிர்ந்துச்சு. கண்ணு ரெண்டும் நிறைஞ்சிருக்கு. "நான் நடிக்கலை சார். மூணு தடவை சார் சார்னு கூப்பிட்டேன். நான் நல்லா ஆட மாட்டேன்ல, அதனாலதான் நீங்க திரும்பலை. எனக்குத் தெரியும் சார். எங்க டீம்லயும் எல்லாரும் அப்படித்தான்."

கடவுளே, அந்த முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது. ஆட வராத பிள்ளைங்களையும் ஆட வைக்கணும்னு ஆறு வருஷம் உயிரைக் குடுத்த மனுஷன் கேக்க வேண்டிய வார்த்தையா அது! நான் ட்ரேயைப் பிடிச்சுக்கிட்டு, எழுதிடுங்க சார், எழுதிடுங்கன்னு மனசுக்குள்ள கும்பிட்டேன். பேனாவை மேஜை மேல வச்சுட்டார். எழுந்து போய்ப் பொடி முன்னாடி முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"நீ கூப்பிட்டது எனக்குக் கேக்கலைடா. எனக்குக் காது கேக்காது. நேத்து மட்டுமில்லை, ரொம்ப நாளாவே கேக்காது. உன் குரல் எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. கேட்டிருந்தா, கேட்டிருந்தா நான் வராம இருப்பேனா?"

பொடியோட அம்மா அப்பத்தான் அழ ஆரம்பிச்சா. பொடி நல்ல கையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு அவரையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. மேடம் கண்ணாடியைக் கழட்டி வச்சாங்க. கோபமா வருத்தமான்னு சொல்ல முடியாத முகம். அவர் பக்கம் குனிஞ்சு, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திக் கேட்டாங்க.

"காது கேக்காத ஒரு ஆள்கிட்ட எண்பது பிள்ளைங்களை விட்டிருக்கோம். இது இந்த ஸ்கூல்ல வேற யாருக்குத் தெரியும்?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாருக்கும் தெரியாது மேடம். நான் யாருக்கும் தெரியவிடலை."

மேடம் விடலை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க. "ஏன் மணியக்கா, இத்தனை வருஷமா கிரவுண்டைப் பார்த்த மாதிரி நின்னுதானே மணி அடிச்சே. உனக்குமா தெரியாது?"

அந்த நேரம் பார்த்து அவர் திரும்பினார். நான் என்ன சொல்லப் போறேன்னு தெரிஞ்சுக்கணும்ல, என் வாயைப் பார்த்தார். ரெண்டு வார்த்தை போதும், தெரியும் மேடம்னு. அவரைத் தனியா விடாம இருக்க அது போதும். ஸ்கூல் பூராவும் பயப்படுற வாய் இது.

"தெரியாதுங்க மேடம்"னேன்.

புரிஞ்சுதுங்கிற மாதிரி மெதுவாத் தலையை ஆட்டிட்டு, அவர் மறுபடி பொடி பக்கம் திரும்பிக்கிட்டார்.